ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை

(பெரம்பூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



என்னை இங்கே பேச அழைக்க வந்த இளைஞர்கள் இருவரும், விடுமுறை நாளில் வீட்டில் எதையாவது செய்துகொண்டும் செய்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டும் இருக்கிறவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தக் காரியத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்பதைப் பற்றி என் திண்ணையிலேயே தமக்குள் தகராறு ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பொழுதுபோக்கு என்றார். மற்றவர் கைத்தொழில் என்றார். பொழுதுபோக்கு என்பது சீட்டாட்டத்துக்கும் சினிமாவுக்கும் பொருந்துகிற பெயர். கைத்தொழில் என்றாலோ கூலி என்ற எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தப் பெயரைத் தேடி நான் அகராதியிடம் போகவில்லை. அது எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருந்தது. என் தாயார் என் தந்தையாரைப் பற்றி அண்டை வீட்டாரிடம் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்த புகார் ஒன்றே ஒன்றுதான்: "ஞாயித்துக்கிழமை ஆனா போதும், எதையாச்சும் நோண்டிக்கிட்டே இருப்பாரு." நோண்டுதல் என்ற அந்தச் சொல்லைக் காட்டிலும் பொருத்தமானது எனக்கு இன்றுவரை அகப்படவில்லை. செய்கிறவனுடைய ஆவலும், பிரயோஜனத்தைப் பற்றி அவனுக்குள்ள அலட்சியமும், பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுடைய சலிப்பும் ஆகிய மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே இன்று நான் நோண்டுகிறவர்களைப் பற்றியே பேசப் போகிறேன்.

அந்த இளைஞர்கள் குறித்துக் கொடுத்த சீட்டில் கேரேஜ் என்ற வார்த்தையும் இருந்தது. மேல்நாட்டில் வீட்டை ஒட்டினாற்போல மோட்டார் நிறுத்துவதற்கென்று ஒரு கொட்டகை இருக்குமாம். மோட்டாரைத் தெருவிலே விட்டுவிட்டு அந்தக் கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொள்வது அங்கே வழக்கமாம். பெரம்பூர்க்காரரிடம் கேரேஜ் என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு அந்தக் கொட்டகை நினைவுக்கு வராது. ரெயில் பெட்டிகளைச் செப்பனிடுகிற கேரேஜ் ஒர்க்ஸும், அதன் சங்கும், சங்கு ஊதியவுடன் சைக்கிளிலும் கால்நடையாகவும் வாசலில் பெருகி வருகிற ஜனத்திரளுமே நினைவுக்கு வரும். மோட்டாரே இல்லாதவர்களுக்கு மோட்டார்க் கொட்டகை ஏது? எங்கள் பட்டறைகள் மாடிப்படிக்கு அடியிலும், கிணற்றடியில் இழுத்துக் கட்டிய தகரச் சாய்ப்பிலும், கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்த மரப்பெட்டியிலும் இருந்தன. என் தந்தையாரின் பட்டறை படிக்கட்டின் அடியில் இருந்தது. நிமிர்ந்து நிற்க முடியாது. தண்டவாளத்தின் அடியில் கிடந்து கழித்துவிடப்பட்ட ஸ்லீப்பர் கட்டை ஒன்றுதான் மேஜை. அதன் ஓரத்தில் பழைய வைஸ் ஒன்று. சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டிய அரங்கள், உளிகள், குறடு, மூலைமட்டம். மேலே ஓர் இருபத்தைந்து வாட் விளக்கு. அவ்வளவுதான் சாம்ராஜ்யம்.

நோண்டுவதற்குக் கருவி வேண்டும், சாமான் வேண்டும் என்று எல்லாரும் அறிவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். தென்னிந்தியாவின் முதல் ரெயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856 ஜூலை 1 அன்று. அதே ஆண்டில் பெரம்பூரில் மதராஸ் ரெயில்வே கம்பெனியின் பட்டறையும் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகளும் வந்து சேர்ந்தன. அந்த ஆலைகளில் வேலை செய்தவனுடைய பொழுது அவனுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே கிளர்ச்சி செய்து 1890-இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றுத் தந்தார். மறு வருஷமே வாராந்தர ஓய்வு சட்டத்திலும் இடம் பெற்றது. நம்முடைய பெரம்பூரில் 1918 ஏப்ரல் 27 அன்று, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று, சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்ட நேரம் போதவில்லை என்பது அன்றைய குறைகளில் ஒன்று என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு கவளத்தை நிதானமாக விழுங்கவே நேரம் கேட்டுப் போராட வேண்டியிருந்தவன் படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து பொம்மை ரெயில் செய்வதை எப்படிக் கனவு காண்பான்? வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் கட்டாய ஓய்வு என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் வரையறுத்த பிறகுதான் என் தந்தையாரின் தலைமுறைக்கு நோண்டுகிற சுதந்திரம் வாய்த்தது. திரு.வி.க. நகர் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அவருடைய உரைநடை நினைவுக்கு வருவதற்கு முன்னால் என் தந்தையாரின் அரம் எழுப்பிய ஓசைதான் நினைவுக்கு வருகிறது.

என் தந்தையார் கேரேஜில் ஃபிட்டர். வாக்குவம் பிரேக் சிலிண்டரைக் கழற்றி, சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றி, சோதித்து, மறுபடியும் பூட்டுவது அவருடைய வேலை. அந்த ஒரு வேலையை இருபத்தேழு வருஷம் செய்தார். அவர் கைபட்ட சிலிண்டர்களோடு எத்தனையோ பெட்டிகள் தேசமெங்கும் ஓடியிருக்கும். ஆனால் இன்ன பெட்டி நான் செய்தது என்று ஒன்றையாவது சுட்டிக் காட்ட அவரால் முடியாது. பெரிய தொழிற்சாலை என்பது ஆயிரம் பேர் சேர்ந்து ஒன்றைச் செய்கிற இடம். அந்த ஒன்றில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் யாருக்கும் பாத்தியதை கிடையாது. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. அப்படிச் செய்யாவிட்டால் ரெயிலே ஓடாது. ஆனாலும் ஆறு நாள் பங்கைச் செய்தவனுக்கு ஏழாம் நாள் முழுமையின் மேல் ஒரு தாகம் உண்டாகிறது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை தன் ஒருவன் கையாலேயே ஆன ஒரு வஸ்துவை, அது எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், பார்த்துவிட வேண்டும் என்ற தாகம் அது.

எங்கள் தெருவில் அந்தத் தாகம் மிகக் கடுமையாக இருந்தவர் ஒரு தச்சர். அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவோம். இரத்த சம்பந்தம் ஒன்றும் இல்லை. பழைய ரெயில் பெட்டிகளுக்கு அடிச்சட்டம் இரும்பு. மேலே எழுந்த கூடு தேக்கு. ஜன்னல் சட்டமும், கதவும், பலகையை இணைக்கிற மூட்டும் தச்சருடைய ராஜ்யம். 1955 அக்டோபர் 2 அன்று நேரு வந்து திறந்து வைத்த இன்டெக்ரல் கோச் ஃபாக்டரி என்ற ஐ.சி.எஃப்., ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனியாரின் துணையோடு, அடிச்சட்டமும் கூடும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்ட எஃகுப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கியது. மோதலில் ஒரு பெட்டி மற்றொன்றுக்குள் செருகிக்கொள்ளாதபடி வகுக்கப்பட்ட பெட்டிகள் அவை. எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன. அவற்றைக் குறை சொல்ல எவருக்கும் நாக்கு எழாது. பெரியப்பாவும் குறை சொல்லவில்லை. ஆனால் தேக்கில் மூட்டு வெட்டிப் பழகிய அவருடைய கைக்கு வேலை வர வரக் குறைந்தது. பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில், அரை அடி நீளத்தில், பழைய மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். கதவு திறந்து மூடும். ஜன்னல் பலகை ஏறி இறங்கும். உள்ளே இருந்த பலகை ஆசனங்களுக்குக்கூட ஆணியில்லாத மூட்டு. அதை முடிக்க அவருக்கு நான்கு வருஷம் ஆயிற்று. யாருக்காக என்று கேட்டதற்கு, "மறந்துடக் கூடாது பாரு, அதுக்குத்தான்" என்று மட்டும் சொன்னார்.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். தனியாக ஒரு பொருளைச் செய்து மகிழ வேண்டும் என்று படிக்கட்டின் அடியில் போய் ஒடுங்கிய இந்த மனிதர்கள், அதைச் செய்து முடித்த மாத்திரத்தில், துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். முடிக்கும் மட்டும் பொறுப்பதுகூட இல்லை. பாதியிலேயே புறப்பட்டுவிடுவதும் உண்டு. எங்கள் வீட்டுப் படிக்கட்டைச் சுற்றி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அப்படிக் கூடினவர்கள் ஐந்தாறு பேர்: என் தந்தையார், பெரியப்பா, ஆலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், தந்திக் கம்பத்தில் ஏறி வேலை செய்த ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர். சங்கம் என்றோ மன்றம் என்றோ பெயர் கிடையாது, தலைவர் கிடையாது, என் தாயார் போட்ட டீ மட்டும் உண்டு. ஒரே ஒரு விதி இருந்தது. அதை யார் விதித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் விவரம் அறிந்த நாளில் அது ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. பழுதாகிப் போனதை முதலில் காட்ட வேண்டும். ஓடுகிறதைப் பிறகு காட்டலாம்.

இந்த விதியின் மகிமையை நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது அனுபவபூர்வமாக அறிந்தேன். டிரான்ஸிஸ்டர் ரேடியோ வீட்டுக்கு வந்திருந்த காலம். பாட்டரி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. வீட்டு மின்சாரத்திலேயே அதை ஓட்டுவதற்கு எலிமினேட்டர் என்ற ஒரு சிறு பெட்டியைச் செய்வதென்று தீர்மானித்து, மூர் மார்க்கெட்டில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும், டயோடுகளும், விரல் பருமனுள்ள கண்டென்ஸர் ஒன்றும் பொறுக்கிக்கொண்டு வந்து, மூன்று வாரம் ஒருவருக்கும் காட்டாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்து, நான்காவது ஞாயிறு பெரியவர்கள் அத்தனை பேருக்கும் எதிரில் ஸ்விட்சைப் போட்டேன். கண்டென்ஸரைத் தலைகீழாக இணைத்திருந்தேன். அரை நிமிஷத்தில் அது வெடித்து, வெண்மையான பஞ்சு போன்ற ஏதோ ஒன்று கணக்கு வாத்தியாரின் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. அறையெல்லாம் ஒரு நாற்றம். தறிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "சத்தம் ஜோரா வந்துது தம்பி, பாட்டுதான் வரல."

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு பெரியப்பா அந்தக் கண்டென்ஸரின் சவத்தை வாங்கி, உளியால் அதன் கூட்டைப் பிளந்து, உள்ளே சுருட்டியிருந்ததை ஸ்லீப்பர் கட்டையின் மேல் ஜமுக்காளம் போல விரித்தார். இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே ஈரக் காகிதம். ஒரு தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்ஸைடுப் படலம் இருக்கிறது. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அதுவே. தலைகீழாக இணைத்தால் அந்தப் படலம் அழிந்து, சூடேறி, உள்ளே வாயு பெருகி வெடிக்கிறது என்று தந்திக் கம்பத்து மாமா விளக்கினார். பிற்காலத்தில் நான் பௌதிக ஆசிரியனாகி, கண்டென்ஸரைப் பற்றி எத்தனையோ வகுப்புகள் நடத்தினேன்; அந்த மாலை நான் பார்த்ததைக் காட்டிலும் அதிகமாக ஒன்றும் என் மாணவர்களுக்கு நான் சொல்லிவிடவில்லை. என் பெட்டி அன்று ஒழுங்காக ஓடியிருந்தால், சபாஷ் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கும் அதனுள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்திராது.

நம் நாட்டில் வித்தை என்பது பெரும்பாலும் மறைத்து வைக்கப்பட்ட பொருளாகவே இருந்து வந்திருக்கிறது. பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கும் அந்தப் பொடியின் சேர்மானம் தெரியாது. அதனால்தான் உள்ளர்த்தம் வைத்துப் பேசுவதையும் பொடி வைத்துப் பேசுவது என்கிறோம். மருத்துவர் மூலிகையை மகனுக்கு மட்டுமே சொன்னார்; சில சமயம் அவனுக்கும் சொல்லாமல் கண்ணை மூடினார். இதை நாம் நிந்திப்பது சுலபம். ஆனால் வித்தையே சோறு போடுகிறபோது அதை ஊரறியச் சொல்லிவிட்டு ஒருவன் எப்படிப் பிழைப்பான்? எங்கள் கூட்டத்திலேயே இது நடந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் டெலிவிஷன் வந்தது. வந்த சில வருஷங்களில், கோடைக்கால ராத்திரிகளில் மின்சாரத்தின் அழுத்தம் இறங்கிப் படம் சுருங்குகிற உபத்திரவமும் கூடவே வந்தது. எங்களில் ஒருவர், ஒரு ஞாயிறு, குமிழைத் திருப்பி அழுத்தத்தை ஏற்றிக்கொள்கிற பெட்டி ஒன்றைச் செய்து கொண்டுவந்து, எத்தனை சுற்றுக்கு எங்கே கம்பியைப் பிரித்து வெளியே இழுத்திருக்கிறார் என்பதை அங்குலம் அங்குலமாக விளக்கினார். தெருவில் நான்கு பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள், விற்றார், பிறகு நாற்பது பேர் கேட்டார்கள். அடுத்த தடவை அவர் கொண்டுவந்த பெட்டியில் இணைப்புகளின் மேலெல்லாம் அரக்கு உருக்கி ஊற்றியிருந்தது. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இரண்டு பேர். ஆனாலும் அதன் பிறகு அவர் வந்த ஞாயிறுகளில் முன்போலப் பேச்சு ஓடவில்லை. அவருக்கே அது தெரிந்து, வருவதை மெல்லக் குறைத்துக்கொண்டார். நோண்டுகிறவன் தாராளமாகக் கொடுக்கிறான் என்றால் அவன் கர்ணனின் பரம்பரை என்று அர்த்தமில்லை. அந்தப் பொருள் அவனுக்குச் சோறு போடவில்லை, அவ்வளவுதான். கேரேஜின் சம்பளம் அவனுடைய உலையைக் கொதிக்க வைக்கிறது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமையின் வித்தைக்கு அரக்கு தேவைப்படுவதில்லை.

இது பெரம்பூருக்கு மாத்திரம் உரிய அதிசயம் அல்ல. அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்தில் ஸ்ப்ரிங்ஃபீல்ட் என்று ஒரு சிற்றூர். கடைசல் இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலைகளாலேயே பிழைத்த ஊர். துருவப் பிரதேசங்களில் சுற்றி அலைந்துவிட்டு வந்த ரஸ்ஸல் போர்ட்டர் என்பவர் 1920-இல் அங்குள்ள தொழிற்சாலை ஆட்கள் சிலரைக் கூட்டி, தொலைநோக்கிக் கண்ணாடி தேய்க்கக் கற்றுக் கொடுத்தார். ஒரு வட்டக் கண்ணாடியின் மேல் மற்றொன்றை வைத்து, நடுவே தண்ணீரும் காரப்பொடி போன்ற கார்போரண்டத் தூளும் இட்டு, முன்னும் பின்னுமாக மணிக்கணக்கில் தேய்த்தால், மேலே உள்ளது குழிகிறது, கீழே உள்ளது குவிகிறது. உலகத்தில் இதைவிட எளிமையான வித்தை இல்லை. ஆனால் அந்தக் குழிவு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறு செய்தால் வருகிற ஒரு கூறு அளவுக்குக்கூடப் பிசகக் கூடாது. எந்த மைக்ரோமீட்டரும் எட்டாத அந்தப் பிசகை, ஒரு சிறு விளக்கையும் ஒரு சவர பிளேடையும் கொண்டு கண்ணாலேயே கண்டுபிடிக்க ஃபூக்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வழி சொல்லியிருந்தார். நுட்பத்தையே தொழிலாகக் கொண்ட அந்த ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆட்கள், பகலெல்லாம் முதலாளிக்காக அளந்த கையால் இரவில் தங்களுக்காக அளந்து, 1923-இல் ஒரு கழகமாகவே கூடி, ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் குடிசை கட்டிக்கொண்டு, ஒருவர் கண்ணாடியை மற்றவர் சோதித்துப் பிசகு சொன்னார்கள். அந்தக் குன்றின் மேல் இன்றும் வருஷந்தோறும், தங்கள் கையால் செய்த தொலைநோக்கிகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கூடுகிறார்கள்.

அதே காலத்தில் கொழும்பில் தந்தி இலாகாவின் பிரதம எஞ்ஜினீயராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியைக் கூட்டிச் சேர்த்து, 1923-இல் கிராமபோன் சங்கீதத்தைக் காற்றில் ஏற்றினார். மறு வருஷம், 1924 மே மாதம் 16-ஆம் தேதி, நம்முடைய சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் மதராஸ் ராஜதானி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் ஆரம்பமாயிற்று. 40 வாட் வலிமையுள்ள ஒலிபரப்பி. நம் வீட்டுக் கூடத்து விளக்குக்கு ஆகிற மின்சாரம். சர்க்கார் உத்தரவுக்கோ கம்பெனியின் மூலதனத்துக்கோ காத்திராமல், ஆசை கொண்ட சிலர் சேர்ந்து பணம் போட்டு நடத்திய காரியம் அது. பணந்தான் அதற்குக் காலனாகவும் வந்தது. 1927-இல் கிளப் ஓய்ந்தது. ஓய்ந்தபோது அவர்கள் ஒலிபரப்பியைக் காயலான் கடையில் போட்டுவிடவில்லை; நகராண்மைக் கழகத்துக்குக் கொடுத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் கார்ப்பொரேஷன் ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுக் கேட்கச் செய்தது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி வந்து அந்தப் பொறுப்பை ஏற்கும் வரையில், இந்த நகரம் வானொலி கேட்டதெல்லாம் அந்த நோண்டுகிறவர்கள் போட்ட பாதையில்தான். செட்டியார் தமது ஒலிபரப்பிக்கு அரக்கு ஊற்றியிருந்தால் இந்தக் கதை 1927-இலேயே முடிந்திருக்கும்.

செய்ததைப் பிறருக்குக் காட்டுவதற்கென்றே நமக்கு ஒரு பண்டிகை இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. நவராத்திரிக் கொலுவில் பொம்மைப் படிகளுக்குப் பக்கத்தில் தரையிலே பார்க் என்று ஒன்று போடுவோம். வெந்தயமும் கேழ்வரகும் தெளித்து முளைக்க வைத்த புல்வெளி, கண்ணாடித் துண்டிலே குளம், தீப்பெட்டியில் வீடு. படிகளெல்லாம் பெண்களுடைய அதிகாரம். பார்க் மட்டும் வீட்டுப் பையன்களுக்கும், பையன்களைச் சாக்காக வைத்துத் தகப்பன்மார்களுக்கும் விடப்பட்டிருந்தது. கேரேஜிலும், எஞ்சின்களைச் செப்பனிடுகிற லோகோ ஒர்க்ஸிலும், ஐ.சி.எஃப்பிலும் வேலை செய்தவர்களின் வீட்டுப் பார்க்குகளைப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள். என் தந்தையார் ஒரு வருஷம், பித்தளைக் குழாயை வெட்டிக் கொதிகலனாக்கி, ஸ்பிரிட் விளக்கால் நீராவி எழுப்பி, பார்க்கைச் சுற்றி ஓடுகிற எஞ்சின் ஒன்றை அமைத்தார். ஈயம் வைத்துப் பற்றிய கொதிகலன் அது. உள்ளே தண்ணீர் உள்ளவரை ஈயம் உருகாது, வற்றினால் பற்று விட்டுப்போகும். மூன்றாம் நாள், எதிர் வீட்டு மாமி அம்பாள்மேல் பாட்டை எடுத்து அனுபல்லவிக்கு வந்த சமயத்தில், தண்ணீர் வற்றியதை யாரும் கவனிக்கவில்லை. பிரிந்த மூட்டிலிருந்து மிச்ச நீராவி சீறிய சத்தத்தில் மாமி சுருதியை விட்டார். சுண்டல் தட்டு கவிழ்ந்தது. என் தாயார் அன்று சொன்னதை இந்தச் சபையில் சொல்வதற்கில்லை. என் தந்தையாரோ அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு, அந்த வாய் பிளந்த கொதிகலனைத்தான் முதலில் எடுத்து வைத்தார்.

கொலுவின் கடைசியில் ஆயுத பூஜை வரும். அன்று பட்டறைகளில் இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் மாலையும் சாத்தி, குடும்பத்தாரை உள்ளே அழைத்துப் போய்க் காட்டுவார்கள். ஆறு வயதில் அப்படிப் போன நான், என் தந்தையாருடைய வைஸுக்கு முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்ததைப் பார்த்து, அதையும் சாமி என்றே நம்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு யோசித்தாலும் அது தவறென்று தோன்றவில்லை.

ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறேன் என்று முன்வரிசையில் ஓர் அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கவனித்தேன். நியாயமான கோபம். உண்மையைச் சொன்னால், காட்டிப் பகிர்வதில் இந்தப் படிக்கட்டுக் கூட்டமெல்லாம் பெண்களுக்குச் சீடர்களே. வயர்க் கூடைப் பின்னலை எண்ணிப் பாருங்கள். சிவன் கண் என்றும், நெல்லிக்காய் முடிச்சு என்றும், பிஸ்கட் முடிச்சு என்றும் எத்தனை தினுசுகள்! அவற்றைக் கற்பிக்க ஒரு பள்ளிக்கூடம் கட்டவில்லை, ஒரு பரீட்சை வைக்கவில்லை. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து வாசலில் வந்து உட்கார்ந்த ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரியின் கையை வாங்கி, "இப்படி மடிச்சு அப்படி இழு" என்று காட்டியே அது தமிழ்நாடு முழுதும் பரவியது. பின்னலில் தப்பு வந்தால் அவிழ்த்து எங்கே தப்பியது என்று பார்ப்பார்கள். எங்கள் விதியே அதுதான். ஆனால் அதை நோண்டுதல் என்று எவரும் ஏளனம் செய்யவில்லை; வீட்டு வேலை என்று சொல்லிக் கண்டுகொள்ளாமலே விட்டுவிட்டோம். எது பெரிய அவமரியாதை என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மூர் மார்க்கெட் 1985 மே மாதக் கடைசியில் எரிந்து போயிற்று. திருகாணி ஒன்று வேண்டுமென்று போய், கிராமபோன் பாகமும் பழைய புத்தகமும் கடிகாரச் சுருளும் வாங்கிவருகிற அந்த இன்பம் அதோடு போயிற்று என்று என் வயதுக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன். 1996-இல், பின்னி ஆலை என்று பெயர் பெற்ற அந்தப் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலையும் மூடியது. சங்குகளில் ஒன்று நின்றது. ஆயினும் நோண்டுகிறவர்கள் நின்றுவிடவில்லை. திருவொற்றியூரில் என்ஃபீல்ட் தொழிற்சாலை 1956 முதல் செய்து அனுப்பிய புல்லட்டுகளில் கிழடு தட்டிப் போனவற்றை, வடசென்னையின் சந்துகளில் ஞாயிறுதோறும் பிரித்துப் போட்டு, பாயின்ட்டின் இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வாலிபர்களை நான் இன்றும் பார்க்கிறேன். அவர்களுக்கு மரை கழன்றுவிட்டது என்று ஊரார் சொல்லலாம். கழன்ற மரையைத் தேடிக்கொண்டுதான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

லோகோ ஒர்க்ஸில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1855-இல் இங்கிலாந்தில் செய்த ஈ.ஐ.ஆர். 21 என்ற நீராவி எஞ்சின், இராயபுரம் ஸ்டேஷனைவிட ஒரு வயது மூத்தது. நூறு வருஷத்துக்கு மேலாக ஓடாமல் காட்சிப் பொருளாக நின்றிருந்தது. அதை நம் பெரம்பூர் ஆட்கள் பிரித்துச் செப்பனிட்டு உயிர் கொடுத்து, 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓட்டிக் காட்டினார்கள். உத்தியோகமாகச் செய்த வேலைதான். சம்பளம் வாங்கிக்கொண்டுதான் செய்தார்கள். ஆனால் நூற்றைம்பது வருஷத்து எஞ்சினுக்கு எந்தக் கடையில் உதிரிப் பாகம் விற்கிறார்கள்? தேய்ந்ததைத் தொட்டுப் பார்த்து, அளந்து, யூகித்து, ஒவ்வொன்றாகக் கையால் செய்து பூட்ட வேண்டிய வேலை அது. அந்தச் சுதந்திர தினத்தில் தண்டவாளத்தின் ஓரமாகக் கூட்டத்தோடு நான் நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு ஃபிட்டர், வயது ஐம்பது இருக்கும், எஞ்சின் எங்களைக் கடந்தபோது கையைத் தட்டவில்லை, கொடியை ஆட்டவில்லை, பிஸ்டன் தண்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "அந்தப் பக்கத்துல கொஞ்சம் ஆவி கசியுது சார், பாத்தீங்களா?" என்று கேட்டார். எனக்கு எங்கள் வீட்டுப் படிக்கட்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

நேரம் ஆகிவிட்டது. என்னை அழைக்க வந்த அந்த இரண்டு இளைஞர்களும், அவர்களுடைய சிநேகிதர்கள் சிலரும், தாங்கள் செய்தவற்றை இந்த மேஜையின் மேல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கணிப்பொறிச் சில்லால் செடிக்குத் தண்ணீர் விடுகிற கருவி ஒன்றும், மரத்திலே குடைந்த வீணைக் குடம் போன்ற ஏதோ ஒன்றும் எனக்கு இங்கிருந்தே தெரிகின்றன. இந்தக் கோடியில் செய்தித்தாள் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிற பொட்டலத்தைக் கொண்டுவந்த பெண் பிள்ளை, நான் பேச ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "சார், இது ஓடல. கடைசியில காட்டறேன், இல்லாட்டி காட்டாமலே எடுத்துக்கிட்டுப் போயிடறேன்" என்றாள். அம்மா, நீ முதலில் வா. கயிற்றை அவிழ். விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள்.